69 வயதில் சுவிஸ் ரயில்: ஊரைக் குறையுங்கள், பெட்டியைக் குறையுங்கள்

கேள்வி: எனக்கு 65 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவருக்கு 69. அவருக்கு ரத்த அழுத்தம். எனக்குச் சர்க்கரையும் முழங்கால் வலியும். நாலு வருஷத்துக்கு முன் ஒரு குழுவோடு ஐரோப்பா போய் வந்தோம். காலை ஆறு மணிக்குப் பெட்டியை வெளியே வை, பஸ்ஸில் ஏறு, இறங்கிப் படம் எடு, மறுபடி ஏறு என்று பத்து நாளும் ஓடிவிட்டது. இந்த முறை நாங்கள் இருவர் மட்டும், முழுக்க ரயிலிலேயே, செப்டம்பரில் போக ஆசை. பாரிஸ், சூரிச், லூசெர்ன், இன்டர்லாக்கன், செர்மாட், வெனிஸ், ரோம் என்று 12 ராத்திரிக்குத் திட்டம். "மொழி தெரியாத ஊரில் வண்டி மாறி ஏறிவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று மகன் பயப்படுகிறான். பாஸ் வாங்கலாமா, தனித்தனி டிக்கெட்டா? பெட்டிகளை எப்படிச் சமாளிப்பது?
(மதுரை வாசகி)

அன்புள்ள அம்மா,

தாராளமாகப் போகலாம். உங்கள் இருவர் வயதும் இந்தப் பயணத்துக்கு அதிகம் இல்லை; திட்டத்தில் ஊர்கள்தான் அதிகம். 12 ராத்திரிக்கு 7 ஊர் என்றால் ஆறு தடவை பெட்டி கட்ட வேண்டும், ஆறு தடவை அதை வண்டியில் ஏற்றி இறக்க வேண்டும். பெரும்பாலான ஹோட்டல்களில் காலை 11 மணிவாக்கில் அறையைக் காலி செய்ய வேண்டும். அடுத்த ஊரில் பிற்பகல் 3 மணிக்குத்தான் அறை கிடைக்கும். நடுவில் பெட்டியோடு அலைய வேண்டியதுதான். போன முறை பஸ்ஸில் பட்ட பாட்டை இந்த முறை ரயிலில் பட வேண்டாம்.

அதனால் பாரிஸ், ரோம், செர்மாட் மூன்றையும் எடுத்துவிடுங்கள். லூசெர்னில் 5 ராத்திரி, கூர் என்ற ஊரில் 3 ராத்திரி, மிலானில் 4 ராத்திரி. இன்டர்லாக்கனையும் வெனிஸையும் காலையில் போய் மாலையில் திரும்பும் ஊர்களாக வைத்துக்கொள்ளலாம். கைப்பையோடு போகிற நாள்கள் அவை. அந்த நாள்களில் முழங்கால் உங்களைத் திட்டாது. விமானம் சூரிச்சில் இறங்கி, மிலானின் மல்பென்சா விமான நிலையத்திலிருந்து திரும்பும்படி 'மல்டி சிட்டி' டிக்கெட்டாக எடுங்கள். திரும்ப சூரிச்சுக்கு வருவதற்காக ஒரு நாள் வீணாகாது.

லூசெர்னை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த ஸ்டேஷனில் தண்டவாளம் முடிந்துவிடும். நம் சென்னை சென்ட்ரல் மாதிரி. வண்டியிலிருந்து இறங்கி நேராக நடந்தால் வாசல். சுரங்கப் பாதை இல்லை, மேம்பாலம் இல்லை. வாசலுக்கு எதிரிலேயே ஏரிப் படகுத்துறை, பஸ் நிறுத்தம். முழங்கால் வலி உள்ளவர் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஹோட்டலும் ஸ்டேஷனிலிருந்து 400 மீட்டருக்குள் இருக்கட்டும். புக் செய்யும் முன் இரண்டு விஷயத்தை மெயிலில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: வாசலிலிருந்தே லிஃப்ட் உண்டா, குளியலறையில் தொட்டி இல்லாமல் தரைமட்டத்தில் ஷவர் உண்டா. பழைய கட்டிடங்களில் ஆறு படி ஏறிய பிறகுதான் லிஃப்ட்டே வரும். தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் காலை வைப்பது ஈரத்தில் ஆபத்து.

இனி மகனின் பயம். நம் ஊரில் 60 நாளைக்கு முன்னே டிக்கெட் போட்டு, கன்ஃபர்ம் ஆனதா என்று பார்த்து, கோச் தேடி ஓடிப் பழகியிருக்கிறோம். சுவிஸ் உள்நாட்டு வண்டிகளில் அந்தத் தலைவலி இல்லை. கையில் பாஸ் இருந்தால் எந்த வண்டியிலும் ஏறி, காலியான இருக்கையில் உட்காரலாம். 1982 முதல் அங்கே கால அட்டவணை கடிகார முள்ளோடு ஓடுகிறது. ஒரு ஊருக்கு 9:10-க்கு வண்டி என்றால் 10:10, 11:10 என்று அதே நிமிடத்தில் அடுத்தடுத்து வரும். முக்கியத் தடங்களில் அரை மணிக்கு ஒன்று. ஒரு வண்டியைத் தவறவிட்டால் நஷ்டம் அரை மணியோ ஒரு மணியோதான், பணம் அல்ல. எனவே வண்டியைப் பிடிக்க ஓடாதீர்கள். விழுந்து அடிபடுவது பெரும்பாலும் ஓடும்போதுதான்.

ஸ்டேஷனில் இரண்டு பெரிய தாள்கள் ஒட்டியிருக்கும். மஞ்சள் தாள் புறப்படும் வண்டிகள். வெள்ளைத் தாள் வந்துசேரும் வண்டிகள். அவசரத்தில் வெள்ளையைப் பார்த்துவிட்டுத் தவறான பிளாட்பாரத்தில் நிற்பது பலருக்கும் நடக்கும். 'கிளைஸ்' என்று எழுதியிருந்தால் பிளாட்பார எண். கடைசி நேரத்தில் பிளாட்பாரம் மாறினால் மின்பலகையில்தான் தெரியும். ஏறுவதற்குமுன் அதை ஒருமுறை பாருங்கள். எஸ்பிபி என்ற சுவிஸ் ரயில்வே நிறுவனத்தின் 'எஸ்பிபி மொபைல்' செயலி ஆங்கிலத்திலும் உண்டு. அதிலும் மாற்றம் தெரியும். அதோடு ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ஏ4 தாளில், பெரிய எழுத்தில், புறப்படும் நேரம், வண்டி எண், மாறும் ஊர், சேரும் நேரம் எழுதி எடுத்துப் போங்கள். போன் சார்ஜ் தீர்ந்தாலும் தாள் இருக்கும். தெரியாதவரிடம் வழி கேட்கவும் தாளை நீட்டினால் போதும்.

பிளாட்பாரத்தில் தலைக்கு மேலே ஏ, பி, சி, டி என்று எழுத்துப் பலகைகள் தொங்கும். வண்டியின் எந்தப் பகுதி எந்த எழுத்துக்கு நேரே நிற்கும் என்பது மின்பலகையில் வரும். இதை அலட்சியம் செய்தால் எங்கே மாட்டிக்கொள்வீர்கள் என்பதற்கு உங்கள் பாதையிலேயே உதாரணம் இருக்கிறது. இன்டர்லாக்கன் போகும் நாளில், இன்டர்லாக்கன் ஓஸ்ட் ஸ்டேஷனிலிருந்து லாட்டர்புரூனன் என்ற மலையூருக்குப் போகும் வண்டி, ட்ஸ்வைலூட்ஷினென் என்ற சிறு ஸ்டேஷனில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி லாட்டர்புரூனன் போகும், மறு பாதி கிரிண்டல்வால்ட் போகும். ஏறியது சரியான வண்டி, உட்கார்ந்தது தவறான பாதி. மகன் பயப்படும் 'மாறி ஏறிவிடுதல்' பெரும்பாலும் இந்த வகைதான். எந்த எழுத்துப் பகுதி எந்த ஊருக்கு என்று பலகையில் பார்த்து அங்கே நில்லுங்கள்; ஏறிய பிறகு கோச்சுக்குள் திரையிலோ கதவோரத்திலோ ஊர்ப் பெயரை இன்னொரு முறை சரிபாருங்கள். தவறிப்போய் கிரிண்டல்வால்ட் பக்கம் போய்விட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி அதே தடத்தில் ட்ஸ்வைலூட்ஷினென் திரும்பினால் சரியாகிவிடும்.

ஏறுவதற்கும் ஒரு முறை வேண்டும். கதவு தானாகத் திறக்காது. பொத்தானை அழுத்த வேண்டும். யாராவது திறப்பார்கள் என்று காத்து நின்றால் வண்டி போய்விடும், நடு ஸ்டேஷன்களில் அது ஓரிரு நிமிடம்தான் நிற்கும். சக்கர நாற்காலிப் படம் போட்ட கதவைத் தேடி அதற்கு நேரே நில்லுங்கள். தாழ்தள நுழைவு அங்கேதான். படி உள்ள கதவாக இருந்தால் ஐயா தன் பெட்டியோடு முதலில் ஏறட்டும், நீங்கள் உங்கள் பெட்டியைக் கைமாற்றிவிட்டு, இரு கையாலும் கம்பியைப் பிடித்து ஏறுங்கள். பெட்டியைப் பிடித்த கையோடு படியேற வேண்டாம். பெட்டியைத் தலைக்கு மேல் உள்ள தட்டில் ஏற்றவும் வேண்டாம்; கதவோரத்தில் அதற்கென இடம் இருக்கும், முதுகோடு முதுகாக அமைந்த இருக்கைகளுக்கு நடுவிலும் ஒரு பெட்டி நுழையும்.

இதில் ஒரு ஒப்பந்தத்தை வீட்டிலேயே போட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் ஏறி, மற்றவர் பிளாட்பாரத்தில் நின்றுவிட்டால் என்ன செய்வது? வண்டியில் இருப்பவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே இருக்க வேண்டும். பிளாட்பாரத்தில் இருப்பவர், அந்த நிறுத்தத்தில் நிற்கும் அடுத்த வண்டியில் வர வேண்டும். இருவரும் நகர்ந்தால் ஒருவரை ஒருவர் தேடியே நாள் போய்விடும். இந்த ஒப்பந்தம் நடைமுறையில் நிற்க வேண்டுமானால் இருவர் கையிலும் தனித்தனியே நான்கு இருக்க வேண்டும்: சொந்த பாஸ்போர்ட், சொந்த பாஸின் அச்சுப் பிரதி, இயங்கும் போன், ஒரு வங்கி அட்டை. நம் வீடுகளில் எல்லாக் காகிதத்தையும் ஒருவர் பையில் வைக்கும் பழக்கம் உண்டு. ரயில் பயணத்தில் அந்தப் பழக்கத்தை மாற்றியே ஆக வேண்டும். தயவுசெய்து இதை மறந்துவிடாதீர்கள்.

பாஸ் கணக்குக்கு வருகிறேன். 'சுவிஸ் டிராவல் பாஸ்' அடுத்தடுத்த 3, 4, 6, 8 அல்லது 15 நாள்களுக்குக் கிடைக்கும். ரயில், பஸ், ஏரிப் படகு, நகரப் போக்குவரத்து எல்லாம் அதில் அடக்கம். இன்னொன்று 'ஹாஃப் ஃபேர் கார்டு': ஒரு மாதம் செல்லும், பயணச் சீட்டும் பெரும்பாலான மலை ரயில்களும் பாதி விலை. ஒருநாள் சுற்றி இரண்டு நாள் ஓய்வெடுப்பவர்களுக்கு அரைக் கட்டண அட்டைதான் லாபம். தினமும் ஏதாவது ஒரு வண்டியோ படகோ ஏறுவோம் என்றால் பாஸ். உங்களுக்கு நான் பாஸைத்தான் சொல்வேன்; கணக்கில் கொஞ்சம் கூடுதலாக வந்தாலும் சரி. ஒவ்வொரு தடவையும் டிக்கெட் மெஷினோடு போராட வேண்டாம், இரண்டு நிறுத்தம் தள்ளிப் போகவும் யோசிக்காமல் பஸ் ஏறலாம். கால் வலிக்கிற நாளில் அது பெரிய நிம்மதி. மூத்தவர்களுக்கென்று இதில் தள்ளுபடி இல்லை. யாராவது உண்டு என்று சொன்னால் நம்பாதீர்கள். பல நாடுகளுக்கான யூரெயில் பாஸில்தான் 60 வயதுக்கு மேல் 10 சதவீதத் தள்ளுபடி உண்டு. உங்கள் பாதைக்கு யூரெயில் தேவையில்லை.

8 நாள் பாஸ் எடுங்கள். ஆனால் இறங்கும் நாளில் தொடங்காதீர்கள், இரண்டாம் நாள் காலையில் தொடங்கும்படி தேதி போடுங்கள். முதல் நாள் விமான நிலையத்திலிருந்து லூசெர்னுக்கு ஒரு தனி டிக்கெட் போதும். பயணம் சுமார் ஒன்றேகால் மணி நேரம். இப்படிச் செய்தால் பாஸின் எட்டாவது நாள், நீங்கள் கூரிலிருந்து ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலி எல்லையில் திரானோவுக்கு இறங்கும் ஒன்பதாம் நாளில் வந்து விழும். பயணத்திலேயே நீளமான மலை ரயில் அதுதான். திரானோ வரை பாஸ் செல்லும். முதல் நாளிலேயே தொடங்கியிருந்தால் அந்தப் பயணத்துக்குத் தனியாகக் காசு கொடுக்க நேரும். முதல் நாள் டிக்கெட் வாங்கும்போது மலிவு விலை டிக்கெட்டில் கை வைக்காதீர்கள். அது குறிப்பிட்ட ஒரே வண்டிக்கு மட்டும் செல்லும். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) எல்லைகளில் வெளிநாட்டவரின் முகப்படத்தையும் கைரேகையையும் பதியும் புதிய முறை வந்திருக்கிறது. வரிசை எவ்வளவு நீளும் என்று கணக்குப் போட முடியாது.

பெட்டிக்கு என் அளவுகோல் ஒன்றுதான். நிரப்பிய பெட்டியை உங்கள் வீட்டு மாடிப்படியில் நீங்களே, நடுவில் நிற்காமல், பத்துப் படி தூக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் பொருளை எடுங்கள், பெட்டியை மாற்றாதீர்கள். ஆளுக்கு ஒரு 55 முதல் 60 சென்டிமீட்டர் உயரப் பெட்டி, 10 கிலோவுக்குள். ஆளுக்கு ஒரு தோள்பை. ஐந்து நாளுக்குத் துணி போதும், ஹோட்டலிலேயே துவைக்கலாம். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும். லூசெர்ன் 435 மீட்டர், அதன் அருகே நீங்கள் ஏறப்போகும் ரீகி மலையின் உச்சி 1,798 மீட்டர். கீழே 20 டிகிரி என்றால் மேலே 11. ஒரு கனமான கோட்டுக்குப் பதில் உள்பனியன், ஸ்வெட்டர், காற்றுத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட் என மூன்று அடுக்காக எடுங்கள். சேலை கட்டுவீர்கள் என்றால் எஸ்கலேட்டரிலும் வண்டிப் படியிலும் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு உயர்த்திக் கட்டுங்கள். மழை நாளில் சல்வார் வசதி.

சுவிஸ் ரயில்வே ஒரு ஸ்டேஷனிலிருந்து இன்னொரு ஸ்டேஷனுக்குப் பெட்டியைத் தனியாக அனுப்பும் சேவையும் தருகிறது, ஒரு பெட்டி 25 கிலோ வரை. இன்று கொடுத்தால் நாளை மறுநாள்தான் கைக்கு வரும். நாளையே வந்துவிடும் என்று எண்ணி மாத்திரை டப்பாவைப் பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டுத் தவிக்க நேரும். அனுப்புவதானால் இரண்டு ராத்திரிக்கான துணியும் மருந்தும் தோள்பையில் இருக்கட்டும்.

லூசெர்னில் எதைப் பார்ப்பது என்று வழிகாட்டிகளே சொல்லிவிடும்; நான் கால்களுக்கு ஏற்றதை மட்டும் சொல்கிறேன். ரீகிக்கு லூசெர்ன் துறையிலிருந்து படகில் ஒரு மணி நேரம் போய் விட்ஸ்னௌவில் இறங்குங்கள். படகை விட்டு இறங்கியதும் எதிரே பல்சக்கர ரயில், அதாவது பல் வைத்த சக்கரத்தால் தண்டவாளத்தைப் பற்றிச் சரிவில் ஏறும் வண்டி. ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில், 1871-இல் ஓடத் தொடங்கியது. அரை மணியில் ரீகி கூல்ம் வரும். ஸ்டேஷனே உச்சிக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது, அங்கிருந்தே ஏரியும் பனிமலைகளும் தெரியும், மேலே நடக்காவிட்டாலும் நஷ்டமில்லை. திரும்பும்போது மறுபக்கம் ஆர்த்-கோல்டௌ வழியாக இறங்கி ரயிலில் லூசெர்ன் வந்துவிடலாம். இவ்வளவும் பாஸிலேயே அடக்கம். ஏறும்போது உட்கார்ந்து கொள்ளுங்கள். சரிவில் நிற்பது முழங்காலுக்குக் கடினம்.

'யுங்ஃப்ராவ்யோக்' போக வேண்டும் என்று உறவினர்கள் கட்டாயப்படுத்துவார்கள். அந்த ஸ்டேஷன் 3,454 மீட்டர் உயரம். சமவெளியிலிருந்து சில மணி நேரத்தில் அங்கே போய் நின்றால் தலைசுற்றல், மூச்சிரைப்பு, தலைவலி வருவது ஆரோக்கியமானவர்களுக்கே சாதாரணம். ரத்த அழுத்தம் இருக்கிற ஐயா இதய மருத்துவரிடம் கேட்காமல் ஏற வேண்டாம். கட்டணமும் அதிகம், கடைசிக் கட்டத்துக்கு உங்கள் பாஸில் 25 சதவீதம்தான் தள்ளுபடி. அதற்குப் பதில் நான் மூரென் கிராமத்தைச் சொல்கிறேன். லாட்டர்புரூனனிலிருந்து கேபிள் காரில் ஏறி, சிறு ரயில் மாறினால் 1,638 மீட்டரில் அந்த ஊர். ஐகர், மன்ஷ், யுங்ஃப்ராவ் மூன்று சிகரமும் ஊர்த் தெருவிலிருந்து நேரெதிரே நிற்கும். முழுக்க பாஸில் போகலாம். லூசெர்னிலிருந்து இன்டர்லாக்கன் ஓஸ்ட் வரை ப்ரூனிக் கணவாய் வழியாக ஏறக்குறைய 1 மணி 50 நிமிடம், அங்கிருந்து லாட்டர்புரூனன் 20 நிமிடம். காலை 8 மணிவாக்கில் கிளம்பினால் நிதானமாகப் போய்வரலாம். இன்டர்லாக்கனில் 'வெஸ்ட்' என்று இன்னொரு ஸ்டேஷனும் உண்டு. உங்களுக்கு வேண்டியது 'ஓஸ்ட்'.

லூசெர்னிலிருந்து கூருக்கு சூரிச் பெரிய ஸ்டேஷனில் ஒரே ஒரு மாற்றத்தோடு போகலாம். அங்கே பிளாட்பாரங்கள் தரைமட்டத்திலும் நிலத்தடியிலும் இருக்கின்றன. பிளாட்பார எண் 31 முதல் 34 வரையோ 41 முதல் 44 வரையோ என்றால் நிலத்தடி. செயலி 7 நிமிட இடைவெளியைக் காட்டினாலும், 20 நிமிடம் இடைவெளி வரும்படி அடுத்த வண்டியை எடுங்கள். எஸ்கலேட்டருக்குப் பதில் லிஃப்ட்டைத் தேடிப் போக அந்த நேரம் வேண்டும்.

ஒன்பதாம் நாள், கூரிலிருந்து திரானோ வரை பெர்னினா மலை ரயில் பயணம். 'பெர்னினா எக்ஸ்பிரஸ்' என்ற பெரிய கண்ணாடி வண்டிக்குப் பாஸ் இருந்தாலும் இருக்கை முன்பதிவுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும், கண்ணாடி திறக்காது. அதே தண்டவாளத்தில் சாதாரண வண்டிகளும் ஓடுகின்றன. முன்பதிவு வேண்டாம், சில கோச்சுகளில் ஜன்னலைத் திறக்கலாம், படத்தில் கண்ணாடி நிழல் விழாது. கூரிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் சுமார் 2 மணி நேரம், அங்கே வண்டி மாறி திரானோ சுமார் இரண்டரை மணி நேரம். நடுவில் செயின்ட் மோரிட்ஸில் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கு விட்டுவிடலாம். நான் சாதாரண வண்டியையே சிபாரிசு செய்வேன். வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். ஃபிலிசூர் அருகே 65 மீட்டர் உயர லாண்ட்வாசர் பாலம் வளைந்து நேராக மலைச் சுவருக்குள் நுழையும். பின்பாதியில் 2,253 மீட்டரில் ஒஸ்பிசியோ பெர்னினா. அங்கிருந்து திரானோவின் 429 மீட்டருக்குப் பல்சக்கரம் இல்லாமலேயே வண்டி வளைந்து வளைந்து இறங்கும். புரூசியோவில் திறந்த வெளியில் ஒரு முழு வட்டம் சுற்றித் தன் பாலத்துக்கு அடியிலேயே புகுந்து வரும். அந்த வளைவில் நம் வண்டியின் மற்றக் கோச்சுகளை ஜன்னல் வழியாகவே பார்க்கலாம். இந்தத் தடம் 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

திரானோவில் சுவிஸ் ஸ்டேஷனும் இத்தாலி ஸ்டேஷனும் ஒரே சதுக்கத்தில் இருக்கின்றன. இத்தாலிய வண்டியில் மிலான் சுமார் இரண்டரை மணி நேரம், இந்த வண்டிகள் அடிக்கடி கிடையாது, நேரத்தை முன்பே தாளில் எழுதி வையுங்கள். இங்கும் வலப்பக்கம், கோமோ ஏரி கோலிகோவிலிருந்து கூடவே வரும். ஒரு விதியை மறக்க வேண்டாம்: மெஷினில் வாங்கிய காகித டிக்கெட்டை ஏறுவதற்குமுன் பிளாட்பாரத்தில் உள்ள சிறு மெஷினில் செருகி முத்திரை பதிக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டாக இருந்தாலும் முத்திரை இல்லையென்றால் அபராதம்.

மிலானிலிருந்து வெனிஸ் விரைவு வண்டி முன்பதிவு வண்டிதான். இங்கே நம் ஊர்ப் பழக்கம் உதவும்: கோச் எண், இருக்கை எண் டிக்கெட்டிலேயே இருக்கும். மிகக் குறைந்த கட்டணச் சீட்டை மாற்ற முடியாது, வண்டியைத் தவறவிட்டால் பணம் போச்சு. சேருமிடம் 'வெனேசியா சாந்தா லூசியா' என்று இருக்கட்டும். 'வெனேசியா மெஸ்த்ரே' என்றால் தீவுக்கு முன்பே கரையில் இறங்கிவிடுவீர்கள். பயணம் சுமார் இரண்டரை மணி நேரம். வெனிஸ் உங்கள் முழங்காலுக்குக் கடினமான ஊர். ஒவ்வொரு கால்வாய்க்கும் படிவைத்த பாலம். ஸ்டேஷன் வாசலில் சில அகலப் படிகள் இறங்கினால் படகு நிறுத்தம். 1-ஆம் எண் படகு பெரிய கால்வாய் முழுக்கச் சென்று சான் மார்க்கோவில் இறக்கிவிடும். அதிலேயே திரும்பலாம், பாலம் ஏறவே வேண்டாம். சில நாள்களில் பகல்நேரப் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள், உங்கள் தேதிக்கு உண்டா என்று முன்பே பாருங்கள். மிலான் பெரிய ஸ்டேஷனில் டிக்கெட் மெஷின் பக்கம் உதவ வருபவர்களை விலக்கிவிடுங்கள். உதவி வேண்டுமானால் 'சாலா ப்ளூ' என்ற அலுவலகத்தை 24 மணி நேரத்துக்கு முன்பே அணுகினால், வண்டி வரை சக்கர நாற்காலியில் இலவசமாக அழைத்துப் போவார்கள். கேட்கத் தயங்காதீர்கள்.

மருந்து கைப்பையில், பாதி உங்களிடம், பாதி ஐயாவிடம். மருந்தின் மூலப்பெயரோடு மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதிய சீட்டு வேண்டும். செப்டம்பரில் அங்கே நம்மை விட மூன்றரை மணி நேரம் பின்னால். இங்கே காலை 8 மணி மாத்திரை அங்கே அதிகாலை நாலரை ஆகும். முதல் இரண்டு நாள் எப்படி மாற்றிக்கொள்வது என்று மருத்துவரிடமே எழுதி வாங்குங்கள். இன்சுலின் இருந்தால் விமானத்தின் சரக்கறையில் போகக் கூடாது, உறைந்துவிடக்கூடும். விசாவுக்குக் குறைந்தபட்சம் 30,000 யூரோ காப்பீடு கேட்பார்கள்; சுவிஸ் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அது போதாது. தொகையைக் கூட்டுங்கள், சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். முன்பே உள்ள நோயால் வரும் சிகிச்சையைப் பல மலிவுப் பாலிசிகள் விலக்கிவிடும்; அந்த வரியைத் தேடிப் படியுங்கள். அவசர உதவிக்கு இரு நாட்டிலும் 112.

சாப்பாட்டுக்கு ஸ்டேஷனுக்குள்ளேயே உள்ள மிக்ரோஸ், கோப் கடைகளில் தயிர், பழம், ரொட்டி கிடைக்கும். ஊர்க் கடைகள் ஞாயிறு மூடியிருக்கும், பெரிய ஸ்டேஷன் கடைகள் திறந்திருக்கும். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் கொண்டு போகலாம்; நெய், பால்கோவா, இறைச்சி, பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம், சுங்கத்தில் அனுமதி இல்லை. லூசெர்னிலிருந்து ஒரு மணி நேரத்தில் பெர்ன். அங்கே யூரோப்பாபிளாட்ஸில் 2014-இல் திறந்த 'மதங்களின் இல்ல'த்தில் ஒரு சைவக் கோயில் இருக்கிறது. இலங்கையிலிருந்து வந்து குடியேறிய நம் மக்கள் கட்டி நடத்துவது. மழை பெய்து மலை தெரியாத நாளை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் ஒரு பொறி: 'ஐரோப்பிய யூனியன்' என்று விற்கும் சிம் பலவற்றில் சுவிஸ் சேராது. பட்டியலில் சுவிட்சர்லாந்து பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வங்கி ஓடிபி வருவதற்கு இந்திய எண்ணிலும் ரோமிங் இயங்க வேண்டும். அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கிளம்பும் முன்பே திறந்துவிடுங்கள். கடை மெஷின் 'ரூபாயிலா, ஃப்ராங்கிலா' என்று கேட்டால் ஃப்ராங்க் என்று அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் போய்விடும்.

விசாவை அதிக ராத்திரி தங்கும் நாட்டில்தான் கேட்க வேண்டும். உங்களுக்கு சுவிஸ் 8, இத்தாலி 4, எனவே சுவிஸ். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறையக் கூடாது. கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மே, ஜூனில் சென்னையில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது கடினமாகும். நீங்கள் ஏப்ரலிலேயே தேதி பிடித்துவிடுங்கள். நாலு வருஷத்துக்கு முன் கொடுத்த கைரேகை 59 மாதத்துக்குள் இருந்தால் மறுபடி பயன்படுத்த விதியில் இடம் உண்டு, அதனால் பழைய விசா ஒட்டிய பாஸ்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள். இருவர் பாஸ்போர்ட்டும் திரும்பும் தேதிக்குப் பிறகு குறைந்தது 3 மாதம் செல்லுமா, இரண்டு வெற்றுப் பக்கம் இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பார்த்துவிடுங்கள். புதுப்பிக்க வேண்டியிருந்தால் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.